அதிர்ஷ்டம் யார் கையில்? 'லக்' என்னும் அசைவூட்டத் திரைப்படமும் பார்வையாளர் கருத்துகளும்

1

கலைப்படைப்பொன்றின் சமூகப் பணியை மதிப்பிட முனைவோர் அப்படைப்பை மட்டும் ஆராய்ந்து அமைதல் போதாது. அதனை நுகர்ந்தோர் அதுபற்றிக் கொண்ட கருத்துகளையும் ஆராய்தல் வேண்டும். ஜமேக்காவிற் பிறந்து பிரித்தானியாவிற் பணியாற்றிய ஸ்ருவேட் ஹோல் 1973 இல் எழுதிய கட்டுரையொன்றில் இவ்வுண்மையை வலியுறுத்தினார். ஆக்குவோர் ஒரு பொருளை உள்வைத்து அனுப்புகின்றனர். பெறுவோர் அதனை அவ்வாறே ஏற்பதும் உண்டு, தமது வாழ்நிலைக்கேற்பத் திருத்தி ஏற்பதும் உண்டு, முற்றாக மறுப்பதும் உண்டு என்பது அவரது கருத்தின் சாரமாகும். அரசியற் செய்தி, நாவல், நாடகம் ஆகியவற்றைப் பொறுத்தவரை நாம் இதனை எளிதில் ஒப்புக்கொள்கின்றோம். ஆனால், குழந்தைகளுக்கும் குடும்பத்தினருக்கும் என ஆக்கப்படும் அசைவூட்டப் படங்கள் என்று வரும்பொழுது, அவை வெறும் பொழுதுபோக்கே என்ற எண்ணம் நம்மிடையே இன்றும் வேரூன்றி நிற்கின்றது. உண்மையில், சமூகம் தன்னைப்பற்றி எதனை நம்ப விரும்புகின்றதோ அதனை மிகத் தெளிவாகக் கூறுவது தன் குழந்தைகளுக்குச் சொல்லும் கதைகளிலேயே எனலாம்.

இந்நோக்கிலேயே, 2022 ஓகஸ்ட் 5 ஆந் திகதி அப்பிள் ரீவீ பிளஸ் என்ற சந்தாச் சேவை வாயிலாக வெளிவந்த 'லக்' என்னும் அமெரிக்க அசைவூட்டத் திரைப்படத்தையும், அதுபற்றிப் பார்வையாளர் தெரிவித்த கருத்துகளையும் இங்கு ஆய்வுக்கு எடுத்துக்கொள்கின்றோம். நல்லதிர்ஷ்டம், தீயதிர்ஷ்டம் ஆகிய இரண்டுமே படத்தின் பொருள். பெகி ஹோம்ஸ் நெறிப்படுத்திய இப்படம் ஸ்கைடான்ஸ் அனிமேஷன் நிறுவனத்தின் முதலாவது முழுநீளப் படமாகும். கலையழகால் இது தலைசிறந்த படம் என்று எவரும் வாதிடுவதற்கில்லை. எனினும், அதனைப் பற்றி எழுந்த பாராட்டும் சலிப்பும் சினமும், 'அதிர்ஷ்டம்' என்ற கருத்து இன்றைய முதலாளித்துவ சமூகத்தில் எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதைக் காண நமக்கு வாய்ப்பளிக்கின்றன.

2

கதையைச் சுருக்கமாகக் கூறுவோம். சாம் கிறீன்பீல்ட் பெற்றோரின்றிப் பெண்பிள்ளைகள் இல்லமொன்றில் வளர்ந்தவள். சுவீகாரம் கொள்ள ஒரு குடும்பமும் வாய்க்காமலே பதினெட்டு வயதை அடைந்துவிட்டமையால், விதிப்படி இல்லத்தை விட்டு வெளியேறி, ஒரு சிறு வீட்டிலே தனித்து வாழத் தொடங்குகின்றாள். கடையொன்றில் வேலையும் பெறுகின்றாள். அவள் தொட்டதெல்லாம் பிசகும்; பாண் துண்டு கைதவறி விழுந்தால் ஜாம் பூசிய பக்கமே தரையிற் படியும். இல்லத்தில் இன்னும் குடும்பமொன்றை எதிர்பார்த்திருக்கும் ஹேசல் என்ற சிறுமிக்குத் தன் கதி நேரக்கூடாது என்பதே அவளது ஒரே கவலை. தெருவில் தன் உணவைப் பகிர்ந்துகொண்ட கரும்பூனை ஒன்று விட்டுச்சென்ற செப்புச் சதத்தால் அவள் வாழ்வு திடீரெனச் செவ்வையாகின்றது. அதனை ஹேசலுக்குக் கொடுக்க எண்ணியிருக்கையில் தவறவிட்டுவிடுகின்றாள். பொப் என்ற அப்பூனையைப் பின்தொடர்ந்து அதிர்ஷ்ட உலகத்தை அடைகின்றாள்.

அவ்வுலகம் ஒரு தொழிற்சாலை என்பது மனங்கொளத்தக்கது. அயர்லாந்து மக்களின் வாய்மொழிக் கதைகளில் வரும் லெப்ரக்கோன் என்னும் குள்ளர்களும், முயல்களும், பூனைகளும் அங்கே பணிபுரிகின்றனர். பேப் என்ற பெண் டிராகன் அதன் தலைமையதிகாரி. நல்லதிர்ஷ்ட நாட்டின் மறுபுறத்தே, தலைகீழாக, தீயதிர்ஷ்ட நாடு அமைந்துள்ளது. அங்கும் ஓர் உழைப்பாளர் கூட்டம் உண்டு. இரண்டுக்கும் இடையே ஜெப் என்ற ஒற்றைக்கொம்புக் குதிரையின் பொறுப்பில் இயங்கும் பொறியொன்று, இருவகை அதிர்ஷ்டத்தையும் எவ்வித ஒழுங்குமின்றி மனிதருலகுக்கு அனுப்புகின்றது. நல்லதிர்ஷ்டத்தை மட்டுமே அனுப்பிவிட டிராகன் விரும்புகின்றது. சாமும் ஹேசலின் நலன் கருதி அதற்கு உடன்படுகின்றாள். முயற்சி பேரிடரில் முடிகின்றது. தீயதிர்ஷ்டமும் வாழ்வுக்கு இன்றியமையாதது, அதுவே தன்னை ஹேசலிடமும் பொப்பிடமும் கொண்டுவந்து சேர்த்தது என்ற தெளிவு சாமுக்குப் பிறக்கின்றது. ஹேசலுக்குக் குடும்பம் கிடைக்கின்றது; பொப் சாமுடன் வாழ வருகின்றது.

3

இப்படம் பற்றிய கருத்துகளை நோக்குமிடத்து, அவை நான்கு திறத்தன எனக் கொள்ளலாம்.

முதலாவது, பெற்றோர் நிலைநின்று கூறப்படுவது. வன்முறையில்லை, கொடியவன் என்று ஒருவனும் இல்லை, பூனை சிரிப்பூட்டுகின்றது, வாழ்வில் நேரும் துன்பத்தையும் நல்ல நோக்கில் ஏற்கவேண்டும் என்ற படிப்பினை பிள்ளைகளுக்கு நன்மை பயக்கும் என்பது இவர்களது மதிப்பீடு. இவ்விடத்தில் ஒன்றைக் குறிப்பிடல் வேண்டும். குழந்தைகள் தமக்கெனத் திறனாய்வு எழுதுவதில்லை. அவர்களது விருப்பும் வெறுப்பும் பெற்றோர் வாயிலாகவே வெளிவருகின்றன. ஆகவே, 'பிள்ளைகளுக்கு நல்லது' என்ற கூற்று, பிள்ளைகளைப் பற்றிக் கூறுவதிலும் பார்க்க, பிள்ளைகள் எதனை நம்பி வளரவேண்டும் என்று வளர்ந்தோர் கருதுவதைப் பற்றியே அதிகம் கூறுகின்றது.

இரண்டாவது, கதையமைப்பைக் குறைகூறுவது. அதிர்ஷ்ட உலகின் விதிகள் அளவிறந்தன. அவற்றை விளக்குவதிலேயே படத்தின் பெரும்பகுதி கழிந்துவிடுகின்றது. பிக்சார் நிறுவனத்தின் 'மொன்ஸ்ரேர்ஸ் இன்க்' (2001), 'இன்சைட் அவுட்' (2015) ஆகிய படங்களின் சாயல் வெளிப்படையாகத் தெரிகின்றது என்பன இத்தரப்பினரது குற்றச்சாட்டுகள். தொழின்முறைத் திறனாய்வாளர் பலரும் இவ்வணியிலேயே நின்றனர்.

மூன்றாவது, வளர்ப்புப் பராமரிப்பில் வாழ்ந்தோர், அவ்வாறான பிள்ளைகளைச் சுவீகாரங் கொண்டோர் ஆகியோரின் வாழ்வோடு படத்தைப் பொருத்திப் பார்ப்பது. குடும்பம் வாய்க்காமலே வளர்ந்த ஒருத்தியைக் கசப்பு நிறைந்தவளாகவோ குற்றவாளியாகவோ அன்றி, பிறர்நலம் பேணுபவளாகக் காட்டியமை ஒருபுறம் போற்றப்பட்டது. மறுபுறம், அத்தகையோரது வாழ்வின் அல்லலை அதிர்ஷ்டக் குறைவாகச் சுருக்குவது தகுமா என்ற உறுத்தலும் எழுந்தது.

நான்காவது, படத்தைவிட்டு அதன் ஆக்கச்சூழலை நோக்குவது. தமது நடத்தை தொடர்பான முறைப்பாடுகளை அடுத்து 2017 இல் விடுப்பிற் சென்று, 2018 இறுதியில் டிஸ்னி நிறுவனத்தை விட்டு நீங்கிய ஜோன் லசெற்றர், 2019 இல் ஸ்கைடான்ஸ் அனிமேஷனின் தலைமைக்கு அமர்த்தப்பட்டார். அதனை ஏற்காத நடிகை எம்மா தொம்சன் இப்படத்திலிருந்து விலகினார். வீழ்ந்தவர் மீண்டெழும் வாய்ப்பு யாருக்குக் கிடைக்கின்றது என்ற இவ்வினா, அதிர்ஷ்டம் பற்றிய படத்திற்குப் புறம்பான வினா அன்று.

4

இக்கருத்துகளுள் இரண்டாவதையே நாம் முதலில் ஆழ்ந்து நோக்கவேண்டும். 'விதிகள் குழப்பமானவை' என்பது மேலோட்டமாகப் பார்க்கையில் உருவம் பற்றிய குறைபாடாகவே தோன்றும். ஆனால், அக்குழப்பம் எவ்விடத்திற் பிறக்கின்றது என்று வினவினால், அது உள்ளடக்கத்தின் முரண்பாடே என்பது புலனாகும். பொறி ஒழுங்கின்றியே அதிர்ஷ்டத்தைப் பகிர்கின்றதெனின், சாம் என்ற ஒருத்திக்கே பிறந்தது தொட்டுத் தீயதிர்ஷ்டம் வாய்ப்பது எங்ஙனம்? எழுந்தமானப் பகிர்வில் நன்றும் தீதும் காலப்போக்கில் எல்லோருக்கும் மாறிமாறி வரவேண்டும். ஒரே ஆளைத் தொடர்ந்து தேடிவரும் தீமைக்கு எழுந்தமானம் என்று பெயரில்லை. அதற்கொரு காரணம் இருத்தல் வேண்டும். அக்காரணத்தைப் படம் கூறுவதில்லை, கூறவும் இயலாது. விதிகள் மேலும் மேலும் பெருகுவது இவ்விடைவெளியை மூடுவதற்கேயாம்.

முரண்பாட்டின் வேர் யாது? 'தீயதிர்ஷ்டம்' என்ற ஒரே சொல்லால் தம்முள் வேறுபட்ட இரு பொருள்களைப் படம் குறிக்கின்றது. பாண் துண்டு கைதவறி விழுவது, கதவு தானே பூட்டிக்கொள்வது ஆகியன ஒருவகை. இவை தற்செயல், எவருக்கும் நேரலாம். பெற்றோரற்ற பிள்ளை குடும்பமின்றி வளர்வதும், பதினெட்டாவது வயதில் துணையின்றி வெளியேற்றப்படுவதும் மற்றொருவகை. இவை சட்டத்தாலும் வரவுசெலவாலும் வர்க்க, இன வேற்றுமைகளாலும் அமைந்தவை. 2020 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் வளர்ப்புப் பராமரிப்பில் இருந்த பிள்ளைகள் ஏறத்தாழ 4 இலட்சம். குடும்பமொன்றும் வாய்க்காமலே வயதெல்லையை அடைந்து வெளியேறுவோர் ஆண்டுக்கு ஏறத்தாழ 20,000 எனக் கணக்கிடப்பட்டது. கறுப்பினப் பிள்ளைகளும் பூர்வகுடிப் பிள்ளைகளும் தம் சனத்தொகை வீதத்திலும் கூடுதலாகவே இப்பராமரிப்பிற் காணப்படுகின்றனர். ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரே அளவினதாக நிகழ்வதும், குறித்த சில பிரிவினரையே மிகுதியாகத் தாக்குவதுமான ஒன்றை அதிர்ஷ்டம் என்று அழைப்பது, அதன் காரணங்களை ஆராயாது விடுவதற்கு வசதியானதொரு வழியாகும்.

பிக்சார் படங்களின் சாயல் பற்றிய குற்றச்சாட்டையும் இவ்வடிப்படையிலேயே விளங்கிக்கொள்ளவேண்டும். கடன்வாங்கியது தவறன்று, கடன்வாங்கிய சட்டகம் பொருளுக்குப் பொருந்தவில்லை என்பதே குறை. 'இன்சைட் அவுட்' படத்தில், மகிழ்ச்சியைப் போலவே துயரமும் மனத்திற்கு வேண்டும் என்ற முடிவு எய்தப்படுகின்றது. அது ஒரு சிறுமியின் அகவுலகு பற்றிய உண்மை. ஆகையால் நம்மை நெகிழ்விக்கின்றது. 'லக்' அதே முடிவை, நல்லதும் தீயதும் இரண்டுமே வேண்டும் என்ற முடிவை, புறவுலகின் நன்மை தீமைகளுக்கு ஏற்றிவிடுகின்றது. துயரத்தை உணர்தல் வேறு. துயரத்தைத் தரும் நிலைமையை இன்றியமையாததென ஒப்புதல் வேறு. உளவியலில் ஞானமாக அமைவது சமூகவியலில் அடங்கிப்போதலாக மாறிவிடுகின்றது.

5

இச்சிந்தனை அமெரிக்க வெகுசனப் பண்பாட்டில் நேற்று முளைத்ததன்று. ஹொரேஷியோ அல்ஜரின் நாவல்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பெருவழக்குப் பெற்றன. 1868 இல் நூலுருவில் வந்த 'ராகட் டிக்' என்ற கதையில், சப்பாத்துத் துடைக்கும் அநாதைச் சிறுவன் உழைப்பாலும் நேர்மையாலும் முன்னேறுவதாகக் கூறப்படுகின்றது. ஆனால் அவனுக்கு நல்ல உத்தியோகம் கிடைப்பது, படகிலிருந்து நீரில் வீழ்ந்த பிள்ளையை அவன் காப்பாற்ற, அப்பிள்ளையின் தந்தை செல்வந்தராய் இருந்தமையாலேயே. உழைப்பின் பெருமை பேசும் கதையில் வாயிலைத் திறந்துவிடுவது அதிர்ஷ்டமே. சாம் அவ்வநாதைச் சிறுவனின் வழித்தோன்றல். ஒரு வேறுபாடு உண்டு: டிக் செல்வநிலைக்கு உயர்வதைக் கனாக்கண்டான்; சாமின் கனாவோ தன் தோழிக்கு ஒரு குடும்பம் கிடைக்கவேண்டும் என்பது மட்டுமே. நூற்றைம்பது ஆண்டுகளிற் கனவு எவ்வளவு சுருங்கிவிட்டது என்பது கவனிக்கத்தக்கது.

அடோர்னோவும் ஹோர்க்ஹைமரும் 1947 இல் வெளியிட்ட 'அறிவொளியின் இயங்கியல்' என்ற நூலிலே, காட்டூன் படங்களில் டொனால்ட் டக் அடிபடுவதைக் கண்டு சிரிக்கும் பார்வையாளர் தாம் படும் அடியையும் ஏற்கப் பழகுகின்றனர் என்று எழுதினர். சாம் வழுக்கி வீழ்வதும் முட்டிமோதுவதும் படத்தின் தொடக்கத்தில் நகைச்சுவைக்குரியனவாகக் காட்டப்படுவதை நோக்க, அக்கூற்று இன்றும் வலுவிழக்கவில்லை எனலாம். சிலியில் 1971 இல் டோர்ப்மனும் மற்றெலாரும் எழுதிய 'டொனால்ட் டக்கை வாசிப்பது எப்படி' என்ற நூலோ வேறொன்றைச் சுட்டிற்று. டிஸ்னியின் சித்திரக் கதைகளில் தாய்தந்தையர் இல்லை, உழைப்பும் இல்லை, செல்வம் புதையலாகவே கிடைக்கின்றது என்பது அவர்களது கண்டுபிடிப்பு. அக்கதையுலகில், அதிர்ஷ்டமே உருவெடுத்த கிளாட்ஸ்ரன் கான்டர் என்ற வாத்துப் பாத்திரத்தை கார்ல் பார்க்ஸ் 1948 இற் படைத்தமையும் இங்கு நினைக்கத்தக்கது.

இவ்விடத்திலேதான் 'லக்' தன் முன்னோரிலிருந்து ஓரடி முன்செல்கின்றது என்பதை நாம் நேர்மையாக ஒப்புக்கொள்ளல் வேண்டும். இப்படத்தில் அதிர்ஷ்டம் வானத்திலிருந்து விழுவதில்லை. அது உற்பத்தி செய்யப்படுகின்றது. செப்புச் சதத்தை உருவாக்குவோர் உளர். காவல் புரிவோர் உளர். மேற்பார்வையாளரும் தலைமையதிகாரியும் உளர். தீயதிர்ஷ்ட நாட்டில் வாழ்வோர் தீயோர் அல்லர், விருந்தோம்பும் பண்பினர். எல்லையின் மேற்பக்கத்தார் அவர்களை அஞ்சி ஒதுக்கியமையே அந்நாட்டின் அவப்பெயருக்குக் காரணம். பொப் என்னும் பூனையின் கதை இதனினும் கூர்மையானது. ஸ்கொட்லாந்துக் கரும்பூனை நல்லதிர்ஷ்டம் உடையது என்ற நம்பிக்கையைப் பயன்படுத்தி, தன் உண்மைப் பிறப்பிடமான இங்கிலாந்தை மறைத்து, பேச்சின் ஓசையையும் மாற்றிக்கொண்டு அது அந்நாட்டில் வாழ்ந்துவந்துள்ளது. பிறப்பிடத்தை வெளியிட்டால் இடம்பறிபோகும் என்ற அச்சம் எத்தனை இலட்சம் குடியேறிகளின் அன்றாட அனுபவம்! படம் இவ்வுண்மைகளைத் தொடுகின்றது. தொட்ட கையை மறுகணமே எடுத்தும் விடுகின்றது. ஆக்கத்திற்கு உழைப்பாளரைக் காட்டிய படம், பகிர்வுக்குப் பொறியைக் காட்டுகின்றது. ஆக்குவோர் உண்டு, பகிர்வோர் இல்லை. பொறிக்குக் கண்ணில்லை, கருத்தில்லை. ஆதலாற் பொறுப்பும் இல்லை. பொறியை யார் அமைத்தனர், அதை மாற்றியமைத்தல் கூடுமா என்ற வினாக்கள் எழாதபடி, மாற்ற முயன்ற ஒரே முயற்சியைப் பேரிடராக முடித்துவைக்கின்றது கதை.

தமிழில் நாம் வழங்கும் அதிர்ஷ்டம் என்ற வடசொல்லின் நேர்ப்பொருள் 'காணப்படாதது' என்பதாம். காணப்படாததைக் காட்டுவதாகப் புறப்பட்ட படம், காணப்படவேண்டிய ஒன்றை மீண்டும் மறைத்துவிடுகின்றது. நமது மரபிலும் ஊழ் பற்றிய சிந்தனை நெடுங்காலம் நிலவியது. எனினும், ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரே ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். இரண்டுக்குமிடையிலான இழுபறி அங்கு தீர்க்கப்படாது வெளிப்படையாகவே நிற்கின்றது. 'லக்' அவ்விழுபறியைச் சமரசத்தால் மூடிவிடுகின்றது.

6

இனி, மூன்றாவது தரப்பினரிடம் வருவோம். வளர்ப்புப் பராமரிப்பில் வாழ்ந்து குடும்பம் வாய்க்காமலே வளர்ந்த இளையோரைச் சந்தித்து அவர்தம் அனுபவங்களைக் கேட்டே பாத்திரத்தை வடித்ததாக நெறியாளர் கூறியுள்ளார். சாமின் பெருந்தன்மை அவ்விளையோரிடமிருந்து பெறப்பட்டதெனின், அது படத்தின் மிக உண்மையான கூறு. தனக்கென அதிர்ஷ்டம் வேண்டாது தன் நிலையிலுள்ள மற்றொருத்திக்காக அதனைத் தேடுவது, தோழமையின் தொடக்கம். பார்வையாளர் பலரும் நெகிழ்ந்தது இவ்விடத்திலேயே. அந்நெகிழ்ச்சியை மலிவான மிகையுணர்ச்சி எனத் தள்ளிவிடுவது முற்போக்குத் திறனாய்வுக்கு அழகன்று.

ஆனால் தோழமை எங்கு சென்று முடிகின்றது என்பதே வினா. ஹேசலுக்குக் குடும்பம் கிடைக்கின்றது. இல்லத்தில் எஞ்சியோர் எஞ்சியோராகவே உள்ளனர். பதினெட்டாவது வயதில் வெளியேற்றும் விதி அவ்வாறே நிற்கின்றது. மெய்யுலகில் நிகழ்ந்தது இதனினும் மேலானது. பராமரிப்பில் இருந்தோரும் இருந்து வெளியேறியோரும் இணைந்து இயங்கும் கலிபோர்னியா இளையோர் இணைப்பு என்ற அமைப்பு 1988 இல் உருவாயிற்று. வெளியேறும் இளையோருக்கான உதவியை 1999 ஆம் ஆண்டின் சமஷ்டிச் சட்டம் விரிவாக்கிற்று. 2008 ஆம் ஆண்டுச் சட்டம், விரும்பும் மாநிலங்கள் இருபத்தொரு வயதுவரை பராமரிப்பை நீடிப்பதற்குச் சமஷ்டி நிதி பெற வழிவகுத்தது. அதனைத் தொடர்ந்து, மேற்கூறிய அமைப்பின் இளையோரும் குரல்கொடுக்க, கலிபோர்னியா மாநிலம் 2010 இல் அத்தகைய சட்டத்தை நிறைவேற்றி, 2012 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பொறி அசைக்கவொண்ணாதது அன்று. அதனால் அதிகம் அடிபட்டோரே அதனைச் சிறிதேனும் திருத்தினர். உலகமும் இடிந்து விழவில்லை.

படம் சொல்லாதுவிட்ட கதை இதுவே. தீயதிர்ஷ்டம் தமக்கு நண்பரைத் தந்தது என்று ஆறுதல் கொள்வதோடு அவ்விளையோர் அமைந்துவிடவில்லை. அந்நண்பரோடு சேர்ந்து, தமக்கு நேர்ந்தது அதிர்ஷ்டம் அன்று என்பதைக் கண்டறிந்தனர்.

7

பார்வையாளர் கருத்துகளை ஆராய்வதன் பயன் யாது என்ற வினாவுக்கு இப்பொழுது விடை கூறலாம். வெகுசனக் கலையை நுகர்வோர் முற்றாக ஏமாற்றப்பட்டவர்கள் என்று கருதுவது ஒரு பிழை. அவர்களது விருப்பே இறுதித் தீர்ப்பு என்று கொள்வது மற்றொரு பிழை. 'லக்' பற்றிய கருத்துகள் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதோர் உண்மையை உணர்த்துகின்றன. படிப்பினையைப் போற்றிய பெற்றோர், தம் பிள்ளைகள் எதிர்கொள்ளப்போகும் உலகு நியாயமானதன்று என்பதை அறிந்தே அவர்களைத் தேற்ற விரும்புகின்றனர். விதிகள் விளங்கவில்லை என்று சலித்தோர், தாம் அறியாமலே, சமூகத்தின் விளக்கவியலாத பகிர்வொன்றின்மீது விரல் வைக்கின்றனர். சாமின் அன்பில் நெகிழ்ந்தோர் தோழமையின் பெறுமதியை உணர்கின்றனர். இவை சிதறிக் கிடக்கும் உணர்வுகள். இன்னும் அறிவாக உருப்பெறாதவை.

அவற்றை ஒன்றுசேர்த்து அறிவாக்குவதே திறனாய்வின் கடன். ஒரு குழந்தை இப்படத்தைப் பார்த்துவிட்டு, 'அந்தப் பெண்ணுக்கு மட்டும் ஏன் எப்போதும் அப்படி நடக்கின்றது?' என்று வினவுமாயின், அக்குழந்தையே படத்தின் மிகச் சிறந்த திறனாய்வாளன் ஆகும். 'அது அவளது அதிர்ஷ்டம்' என்று விடையிறுத்து அக்கேள்வியை அடக்கிவிடாதிருப்பது வளர்ந்தோராகிய நமது பொறுப்பு.